குமரி மாவட்ட வீட்டுத் தோட்டத்தில் கொடிப் பயறும் அவரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடமோ மாடியில் நாலைந்து பையோ வைத்திருப்பவர்கள், கொடியேறிக் காய்க்கும் பயறு, அவரை வகைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை மனதில் வைத்துச் சொன்னவை. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மழையும் மாதமும் மாறிவிடும்.

வெளிநாட்டு வீடியோக்களில் சிவப்புப் பூவோடு அள்ளிக் காய்க்கிறதே ரன்னர் பீன்ஸ், அது இங்கே வருமா?

கொடி வரும். பூவும் ஒருவேளை வரும். காய்க்கு உத்தரவாதம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவின் மேட்டு நிலங்களில் பிறந்த செடி அது. வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே பூவை உதிர்க்க ஆரம்பிக்கும், இரவிலும் குளிர்ச்சி வேண்டும். நாகர்கோவிலில் மார்கழி இரவுகூட அதற்குப் போதாது. 'நாங்கள் பேச்சிப்பாறைப் பக்கம், மலைதானே' என்று கேட்பவர்கள் உண்டு. பேச்சிப்பாறை மலையடிவாரம், மலை உச்சி அல்ல. ஊட்டியில் சொந்தக்காரர் இருந்தால் விதையை அவருக்கு அனுப்பிவிடுங்கள். கடையில் வாங்கும் பீன்ஸ் விதைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

அப்படியானால் இங்கே எதை நடுவது?

நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நாலு கொடிகள் இருக்கின்றன. காராமணியின் நீண்ட வகையான பயத்தங்காய், பந்தல் அவரை, சிறகவரை, வாளவரை. முதல் தடவை நடுகிறவர்களுக்கு என் சிபாரிசு பயத்தங்காய்தான். ஐம்பது நாள் வாக்கில் காய் பறித்துவிடலாம், செய்கிற பிழை அதிலேயே தெரியவும் செய்யும். அவரையும் சிறகவரையும் பொறுமைசாலிகளுக்கு. வாளவரையை ஒரு மூலையில் ஒரே ஒரு கொடி விட்டால் போதும், அது தன் பாட்டுக்குப் படர்ந்து கிடக்கும். அதைப் பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும். முற்றிய விதையில் நச்சு உண்டு.

பயத்தங்காயில் கேரள வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் நம் மேற்குப் பகுதிக்கு நன்றாக ஒத்துப்போகும், மண்ணும் மழையும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. வெளிர்பச்சைக் காய்க்கு லோலா, வெள்ளாயணி ஜோதிகா. கருஞ்சிவப்புக் காய் வேண்டுமென்றால் வைஜயந்தி. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா மங்களா மிக நீளமாகக் காய்க்கும். பந்தலே போட முடியாது என்றால் பாக்கியலட்சுமி போன்ற குத்துரகம் இருக்கிறது. அவரையில் கோயம்புத்தூர் கோ 14 அதே மாதிரி குத்துச்செடி. பெரியவர்கள் வீட்டில் பானைச் சாம்பலில் போட்டு வைத்திருக்கும் நாட்டு விதை கிடைத்தால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ரகம் பற்றிச் சந்தேகம் வந்தால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம்.

எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். விதைப் பாக்கெட்டில் 'வருடம் முழுவதும்' என்று அச்சடித்திருப்பதை நம்பி நட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் வருத்தப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குமாக இரண்டும் உண்டு. நடுவதை இந்த இரண்டு மழையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயத்தங்காய் எந்த மாதமும் பூக்கும், பகல் நீளத்தைப் பற்றி அதற்குப் பெரிய கவலை கிடையாது. அதைக் கெடுப்பது பூக்கிற நேரத்தில் விடாமல் பெய்யும் மழை. விதைத்து நாற்பது நாள் வாக்கில் பூக்கும் என்பதால், அந்த வாரங்கள் அடைமழையில் விழாதபடி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தை, மாசியில் விதைத்தால் பங்குனி, சித்திரையில் காய். தண்ணீர் மட்டும் விட வேண்டும், மற்றபடி நோய் குறைந்த பட்டம் அதுதான். ஆவணியில் விதைத்தாலும் நல்லது. இரண்டு மழைக்கும் இடைப்பட்ட வெயிலில் பூத்துவிடும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆனியில் பயத்தங்காய் விதைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் அதே ஆனியில் மழை குறைவு, ஆனால் காற்று பிய்த்து எடுத்துவிடும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

பந்தல் அவரையும் சிறகவரையும் வேறு ஜாதி. பகல் குறுகினால்தான் அவற்றுக்குப் பூக்கத் தோன்றும். ஆனி, ஆடியில் விதைத்துக் கொடியைப் பந்தலேற்றி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் காய் தள்ளும். பொங்கலுக்கு அவரைக்காய் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். தையில் அவரையை விதைத்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்டால், அது புரட்டாசி தாண்டட்டும் என்று காத்திருக்கிறது என்பதுதான் பதில்.

கொடி பச்சைப்பசேலென்று தழைத்துக் கிடக்கிறது. பூவே இல்லை. என்ன குறை?

அவரை, சிறகவரை என்றால் மேலே சொன்ன பகல் கணக்கைப் பாருங்கள். பயத்தங்காய் என்றால் பெரும்பாலும் குறை ஒன்றும் இல்லை, மிகுதிதான். யூரியாவோ கோழி எருவோ தாராளமாகப் போட்டிருப்பீர்கள். பயறுவகைச் செடி தன் வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் துணையால் காற்றிலிருக்கும் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். நாமும் மேலே கொட்டினால் அது இலையாகத்தான் மாறும்.

சந்தேகமிருந்தால் ஒரு செடியை வேரோடு மெல்லத் தோண்டி எடுங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. முடிச்சே இல்லாவிட்டால் அடுத்த விதைப்பில் ரைசோபியம் கலந்து நடுங்கள். ஆறிய கஞ்சித் தண்ணீரில் பொடியைக் குழைத்து விதையின் மேல் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே ஊன்ற வேண்டும். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

இப்போதைக்கு எருவை நிறுத்திவிட்டு, மரச்சாம்பல் ஒரு கைப்பிடி தூரைச் சுற்றித் தூவி, நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

மண்ணை எப்படித் தயார் செய்வது?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணும் செம்புரை மண்ணும் புளிப்பு. மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்விடும். சென்ட்டுக்கு ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்புத் தூளை மண்ணோடு கொத்திவிட்டு இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். அப்புறம்தான் எரு. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் எருவின் சத்து காற்றோடு போகும். எரு என்றால் மக்கிய சாணம், சென்ட்டுக்கு 80 கிலோ வரை. கடற்கரைப் பக்கத்து மணலில் சுண்ணாம்பைவிட மூடாக்குதான் அவசரத் தேவை. தென்னஞ்சருகையும் பழைய கதம்பையையும் தூரைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

தென்னைக்கு அடியில் நடலாமா?

தென்னையின் வயதைப் பாருங்கள். இளந்தென்னையின் மட்டை கீழேயே விரிந்து நிழலை அடைத்துக்கொள்ளும். இருபத்தைந்து வயது கடந்து உயரமாகிவிட்ட மரங்களுக்கு நடுவே வெயில் சாய்வாக விழும், அங்கே முயற்சி செய்யலாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ரப்பருக்கு அடியில் கேட்கவே வேண்டாம்.

பந்தல் எப்படிப் போடுவது? செலவு குறைவாக.

பயத்தங்காய்க்குத் தலைக்கு மேலே பந்தல் தேவையில்லை, ஆள் உயர வேலி போதும். தரைக்கு மேலே ஆறடி நிற்கும்படி கமுகுத் தடியோ சீமைக்கொன்றைக் கம்போ எட்டடிக்கு ஒன்று நட்டு, மேலும் கீழும் கம்பி இழுத்து, இடையில் தும்புக் கயிறைச் செங்குத்தாகக் கட்டுங்கள். சீமைக்கொன்றைக் கம்பு துளிர்த்துவிடும், துளிரை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடலாம். பயத்தங்கொடி வழவழப்பான நைலான் கயிற்றில் வழுக்கும், சொரசொரப்பான தும்புக் கயிறைத்தான் சட்டென்று பற்றும். பற்றாத கொடியைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடும்போது அது ஏற்கெனவே எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்து அதே பக்கமாகச் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் மறுநாள் காலையில் அவிழ்ந்து தொங்கும்.

அவரைக்கும் சிறகவரைக்கும் தலைக்கு மேலே பந்தல் வேண்டும். நாலைந்து மாதம் கனமான கொடியைத் தாங்க வேண்டியிருப்பதால் கல்தூணோ இரும்புக் குழாயோ நல்லது. மேலே கமுகுப் பிளாச்சு பரப்பலாம்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பழைய மீன்வலை சும்மாவே கிடைக்கிறது, கொடிக்கு அது போதாதா என்று கேட்பார்கள். கொடி நன்றாகவே ஏறும். ஆனால் வலையைத் தரைவரை தொங்கவிட்டால் சாரைப்பாம்பும் ஓணானும் மாட்டிக்கொண்டு சாகும். சாரை போனால் எலி பெருகும். தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டுக் கட்டுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்கள் பந்தலை நாலடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். வேலியைக் காற்று வரும் மேற்குத் திசைக்கு நீளவாட்டமாக அமையுங்கள், குறுக்காக நட்டால் மொத்தமாகச் சாயும்.

விதை ஊன்றும்போது கவனிக்க வேண்டியது?

ஒரு விரற்கணு ஆழம். அரை மீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, முளைத்தபின் நல்லதை மட்டும் விடவும். இரவு முழுக்க ஊறவைப்பது மழைக்காலத்தில் வேண்டாம், ஈர மண்ணில் அழுகிவிடும். நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டு நாள் நத்தை வருகிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரச்சாக்கை இரவில் விரித்து வைத்தால் நத்தைகள் காலையில் அதற்கடியில் கூடியிருக்கும், பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடலாம்.

எறும்பு மொய்க்கிறது. மருந்து அடிக்கலாமா?

முதலில் எங்கே மொய்க்கிறது என்று பாருங்கள். பயத்தங்காயின் பூத்தண்டு நுனியில், இரண்டு பூ பிறக்கும் இடத்துக்கு நடுவே, சின்னச் சின்ன மேடுகள் தெரியும். செடி அங்கே தானே இனிப்புச் சாறு கசியவிடும். எறும்பு அதைக் குடிக்க வந்திருந்தால் ஒரு கெடுதலும் இல்லை, சின்னப் புழுக்களை அதுவே விரட்டும்.

இளந்தளிரிலும் பிஞ்சிலும் கரும்புள்ளிகளாக அப்பியிருந்தால் அது அசுவினி. அப்போது எறும்பு வந்திருப்பது அசுவினியின் பின்புறத்திலிருந்து சொட்டும் தேனுக்காக. அந்தத் தேனுக்காகவே அது அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டைத் துரத்தி, அசுவினிக்குக் காவல் நிற்கும். அசுவினி சாறு உறிஞ்சுவதோடு தேமல் நோயையும் செடிக்குச் செடி கொண்டுபோகும். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகச் சுருங்கினால் அந்தச் செடியை யோசிக்காமல் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

ஆரம்பத்தில் என்றால் ஓஸில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி உதிர்ந்துவிடும். அப்பிய நுனியைக் கிள்ளி எறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்ப் பூண்டுக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்துப் பிழிந்த பூண்டு 20 கிராம், சாதாரண பார் சோப்பு ஐந்தாறு கிராம். சோப்பை வெந்நீரில் கரைத்து எண்ணெயோடு அடித்துக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், அந்தப் பகுதி பட்ட இலை கருகும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள்.

கடை மருந்து வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் கொள்கை காரணமில்லை, கணக்குதான் காரணம். இரண்டு நாளுக்கு ஒருமுறை காய் பறிக்கிற செடி இது. மருந்தடித்து இத்தனை நாள் காத்திரு என்று லேபிளில் போட்டிருப்பதைப் பின்பற்றினால் காயெல்லாம் முற்றிவிடும், பின்பற்றாவிட்டால் மருந்தைத்தான் துவரன் வைக்கிறோம்.

காயில் ஓட்டை, பூவெல்லாம் நூலாம்படை. இது என்ன?

காய்ப்புழு. பூவையும் மொட்டையும் நூலால் பின்னிக்கொண்டு உள்ளேயிருந்து தின்னும். இரண்டு காய் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம், இலை காயைத் தொடுகிற இடம், இங்கேதான் பெரும்பாலும் துளை போடும். காய்களைப் பிரித்துத் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். பின்னிய பூவை அன்றன்றே பறித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உதிர்ந்த பூவைத் தரையில் விடாதீர்கள்.

ஓட்டையே இல்லாமல் விதை மட்டும் சப்பையாக, காய் வளைந்து போயிருந்தால் அது காய் நாவாய்ப் பூச்சி. ஒல்லியான பழுப்புப் பூச்சி, தொட்டால் பறந்துவிடும். அதன் குஞ்சு பார்க்க எறும்பு மாதிரியே இருக்கும். எறும்புதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி முழங்கை போல வளைந்த உணர்கொம்பு இருக்கும், இதன் கொம்பு நேராக நீண்டிருக்கும். விடிந்ததும் பனியில் மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே பிடித்துத் தட்டினால் விழுந்துவிடும்.

மீன் அமிலம் அடித்தால் எல்லாப் பூச்சியும் போய்விடுமாமே?

போகாது. சாளைக் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் புளிக்கவைத்து வடித்தது மீன் அமிலம். லிட்டருக்கு ஐந்து மில்லிக்கு மேல் வேண்டாம். நம் மாவட்டத்தில் சாளைக்கா பஞ்சம்? செய்து வைத்துக்கொள்ளுங்கள், செடி தெளிச்சியாக வளரும். வாடையில் சில பூச்சி ஒதுங்கலாம். ஆனால் அது உரம்தான், விஷமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கும் நேரம் அடிக்காதீர்கள்.

மயிலை என்ன செய்வது?

மயில் முளையைக் கொத்தும். அதைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றம். முளை இரண்டு சாண் வளரும்வரை தென்னோலையால் மூடி வையுங்கள், அதற்குப் பிறகு கொடி மேலே போய்விடும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மழைக்காலத்தில் நன்றாக நின்ற கொடி திடீரென்று வாடிச் சாகிறது.

தூரைப் பாருங்கள். தரையோடு தண்டு பழுத்துக் கறுத்திருந்தாலோ வீங்கி வெடித்திருந்தாலோ பூஞ்சை. தண்ணீர் தேங்கியதுதான் மூலகாரணம். அந்தச் செடியை மண்ணோடு அகற்றி, குழியில் சுண்ணாம்பு தூவி விடுங்கள். மற்றச் செடிகளுக்குச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 20 கிராம் கரைத்துத் தூரில் ஊற்றலாம். மேற்குப் பகுதியில் மழைக்கு முன்பே மேட்டுப்பாத்தியில் நடுவது இதற்காகத்தான். அதே இடத்தில் அடுத்த முறை பயறு வேண்டாம், வெண்டையோ கீரையோ போடுங்கள்.

மாடியில் பையில் வருமா?

பயத்தங்காய் வரும். ஒன்றரை அடி ஆழப் பைக்கு இரண்டு செடி. மண், மக்கிய சாணம், கழுவிய தென்னை நார்த்தூள் மூன்றும் சமமாக. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் உப்பு தங்கி நுனி கருகும். மாடியில் காற்று அதிகம், கைப்பிடிச்சுவரைத் தாண்டிக் கொடி விடாதீர்கள்.

எப்போது பறிப்பது? எப்படிப் பறிப்பது?

பயத்தங்காய் என்றால் பூ விரிந்து பத்துப் பன்னிரண்டு நாளில். விரல்களுக்கிடையில் வளைத்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், உள்ளே விதை மேடாகத் தெரியக்கூடாது. பறிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. காய்கள் ஜோடியாகத் தொங்கும் தண்டின் நுனியிலேயே அடுத்த மொட்டுகள் ஒளிந்திருக்கின்றன. இழுத்துப் பிய்த்தால் தண்டும் சேர்ந்து வரும், அடுத்த காய்ப்பும் அதோடு போகும். காயின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு லேசாகத் திருகுங்கள். அதே தண்டு மறுபடி மறுபடி காய்க்கும்.

ஒரு காய் முற்றிக் காய்ந்து தொங்கினாலும் செடி வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். ஊருக்குப் போகிறீர்களா, பக்கத்து வீட்டில் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நாலு பேர் வீட்டுக்கு எத்தனை கொடி?

பத்துப் பதினைந்து. ஒரே நாளில் எல்லாம் நடாமல் பாதியை மூன்று வாரம் தள்ளி நடுங்கள்.

கொஞ்சம் முற்றிவிட்டால் வீணா?

ஏன் வீணாக வேண்டும்? பிஞ்சைத் துவரன் வையுங்கள், நடுத்தரத்தை அவியலிலும் தீயலிலும் போடுங்கள், முற்றியதை உரித்து விதையை மட்டும் புளிக்கறியில் சேருங்கள். அவரை முற்றினால் மட்டும் கவனம். காய்ந்த அவரை விதையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்தே சாப்பிட வேண்டும். சிறகவரையில் பிஞ்சு, தளிர், பூ, கடைசியில் கிழங்கு என்று எல்லாமே சாப்பிடலாம்.

அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாமா?

பயத்தங்காயில் தாராளமாக. அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும், அதனால் பக்கத்தில் வேறு ரகம் நின்றாலும் பெரிதாகக் கலக்காது. பாக்கெட்டில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் மட்டும் எடுக்க வேண்டாம். அவரைப் பூவுக்குக் கருவண்டும் தேனீயும் வரும், அதனால் ரகம் கலக்க வாய்ப்புண்டு. மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் வீடுகள் அருகே, விதைக்கு விடும் அவரையை வேறு அவரை ரகத்திலிருந்து சற்றுத் தள்ளி நடுவது நல்லது.

தேமல் வந்த செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், நோய் விதையோடு வரும். நல்ல கொடி ஒன்றை முன்கூட்டியே அடையாளம் கட்டி வைத்து, அதன் நடுப்பகுதியில் நாலைந்து காயைப் பறிக்காமல் விடுங்கள். தோல் வைக்கோல் நிறமாகி ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டால் கொத்தோடு அறுத்து அடுப்படியில் தொங்கவிடுங்கள்.

உரித்த விதையில் வெள்ளையாகப் பொட்டு ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. வண்டு காய் செடியில் இருக்கும்போதே முட்டையிட்டுவிடும், டப்பாவை எவ்வளவு இறுக மூடினாலும் உள்ளேயே பொரிக்கும். பொட்டுள்ளதை நீக்கிவிட்டு மீதியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, ஒரு கிலோவுக்கு ஐந்து மில்லி கணக்கில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிசறி வையுங்கள். விதை கொஞ்சமாக இருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் தேய்த்து உருட்டினாலே போதும்.